லண்டனை விட்டால் இங்கிலாந்துக் கிராமங்களில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே மாதிரிப் பழைய சர்ச்சுதானே?

ஒரு வாரப் பயணமாக வந்து, கார் ஜன்னல் வழியாக நாலைந்து கோபுரங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த 'ஒரே மாதிரி'தான் என்னை எழுத வைத்தது.

நான் மேற்கு இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து காரில் அரை மணி கூட ஆகாது, கில்பெக் என்று ஒரு சிற்றூர். நான் கவனித்துக்கொள்ளும் பாட்டி ஒருவர், "கில்பெக் நாயையும் முயலையும் போய்ப் பார்த்தாயா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். யாரோ வளர்த்த பிராணிகள் என்றுதான் நினைத்திருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அவை கல்லில் இருக்கின்றன.

1140 வாக்கில், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் காலத்தில் கட்டிய செந்நிற மணற்கல் சர்ச். சின்னதுதான். ஆனால் கூரை விளிம்புக்குக் கீழே சுற்றிலும் தாங்குகற்கள், 85 மிச்சமிருக்கின்றன, பெரும்பாலானவற்றில் ஒரு முகமோ மிருகமோ. பிடில் வாசிப்பவன் ஒருவன். நாயும் முயலும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, உருண்டைக் கண்ணால் கீழே பார்க்கின்றன. நாயின் காது தொங்குகிறது, முயலின் காது நிமிர்ந்திருக்கிறது. தெற்கு வாசல் தூணின் உச்சியில் ஒரு தலை, அதன் வாயிலிருந்து செடிக்கொடி புறப்படுகிறது. எண்ணூறு வருஷத்துக்கு மேல் மழை அடித்தும் உளி பட்ட இடம் மழுங்கவில்லை. இன்னொரு கல்லில் பெண்ணொருத்தி தன் பிறப்புறுப்பை இரு கையாலும் விரித்துக் காட்டுகிறாள். இதைச் சொன்னால் முகம் சுளிக்க வருபவர்கள் நம் கோயில் தேர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும். மதம் பரப்புகிறேன் என்றும் கிளம்பாதீர்கள், நான் கிறிஸ்தவரே இல்லை.

இந்த ஒரு மதியத்துக்கு நான் நாலு மாதம் காத்திருந்தேன். ஞாயிறு லீவு என்று ஷிப்ட் அட்டவணையில் இருக்கும், சனி ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வரும், ஆள் இல்லை வா என்று. என் விசா இல்லத்துக்காரர்கள் கையில் இருப்பதால் மறுக்கவும் முடியாது. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் இங்கே வேலைக்கு வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, போவதென்றால் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், உள்ளே நுழைவதற்கு முன் வெளியே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். போட்டோவைக் காட்டியபோது பாட்டி போனை விரலால் தொட்டு, முயலின் காதை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.