எப்போது பெருக்குவது, எப்போது கூட்டுவது? பிளஸ் ஒன் கணக்கில் இது எனக்குக் குழப்புகிறதே!

தட்டுவடை செட் (தட்டுவடைக்கு நடுவே சட்னி வைத்துத் தரும் சேலத்துத் தின்பண்டம்) கடையில் நின்று யோசியுங்கள், பாதி விளங்கிவிடும். தட்டுவடையா முறுக்கா: 2 வழி. கார சட்னி, புதினா சட்னி, இரண்டும் கலந்து: 3 வழி. தட்டுவடையோடும் 3, முறுக்கோடும் 3. அதாவது 3+3, சுருக்கமாக 2×3=6. ஒன்றைத் தேர்ந்து, *பிறகு* இன்னொன்றையும் தேர்ந்தால் பெருக்கல். இது *அல்லது* அது என்றால் கூட்டல். (எனக்கு எப்போதும் இரண்டு சட்னியும்தான்!)

அடுத்து, சேலத்திலிருந்து ஏற்காடு மலைக்குப் போய்வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுள்ள அடிவாரம் சாலை ஒன்று, குப்பனூர் சாலை ஒன்று. போய்வர 2×2=4 வழி. போன பாதையில் திரும்பக் கூடாதென்றால்? 2×1=2. திரும்பும் பாதை *எது* என்பது போன பாதையைப் பொறுத்து மாறும். ஆனால் *எத்தனை* என்பது மாறவில்லை, எப்போதும் 1. அதனால்தான் பெருக்கலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எண்ணிக்கையே மாறினால் தனித்தனி நிலைகளாகப் பிரித்துவிட வேண்டும். இலக்கம் திரும்ப வராத மூன்றிலக்க இரட்டை எண்கள் எத்தனை? சிக்கலான ஒன்றாம் இடத்தை முதலில் நிரப்புங்கள்.

அங்கே 0 வந்தால்: நூறாம் இடத்துக்கு 9, பத்தாம் இடத்துக்கு 8. ஆக 72.

2, 4, 6, 8-இல் ஒன்று வந்தால்: நூறாம் இடத்தில் 0-வும் வராது, அந்த இலக்கமும் வராது, அதனால் 8, பத்தாம் இடத்துக்கும் 8. 4×8×8=256.

இரண்டும் ஒருசேர நடக்காது, எனவே கூட்டுங்கள்: 328.