பார்வோவில் குட்டி போன வீட்டுக்கு அடுத்த குட்டி எப்போது வரலாம்?

கேள்வி: எங்கள் மூன்று மாத லாப்ரடார் குட்டி போன மாதம் பார்வோ (நாய்களுக்கு வரும் வைரஸ் வயிற்றுப்போக்கு நோய்) வந்து இறந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. குட்டியை விற்றவர், இரண்டு மாதக் குட்டி இன்னொன்று இருக்கிறது, விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார். இந்த வாரமே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மனசு தயாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஆனால் வீடு தயாராக இல்லை.

பார்வோ கிருமி வீட்டுக்குள் மாதக்கணக்கில் இருக்கும், நிழல் விழும் ஈர மண்ணில் ஒரு வருடம்கூடத் தாங்கும். பினாயில், டெட்டால் எதற்கும் சாகாது. குட்டி படுத்த சாக்கு, துணி, கடித்த பொம்மை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தரையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு (அழுக்கு இருந்தால் மருந்து வேலை செய்யாது), 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) திரவத்தை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டுக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். இவ்வளவு செய்தாலும் தோட்டத்து மண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

'ஒரு ஊசி போட்டாச்சு சார்' என்று விற்பவர் சொல்வார். அது போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது தாண்டும்வரை போடுகிறோம். அதெல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஆன குட்டியாகப் பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். அதே ஆளிடம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, முதல் குட்டிக்கே அங்கிருந்து தொற்று வந்திருக்கலாம். காத்திருக்க முடியாது என்றால், தடுப்பூசி முழுதும் போட்ட வளர்ந்த நாட்டு நாயைத் தத்தெடுங்கள், வீட்டைச் சுத்தம் செய்த கையோடு அழைத்து வரலாம்.

மகள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். செத்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அழட்டும். புதிதாக வருவதற்கும் அதே பெயரை வைத்து 'நம்ம குட்டி திரும்ப வந்துட்டான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதம் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை என்கிறீர்கள், அவளை இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.