வெட்டாமலே மரத்தின் உறுதியை அறியலாமா?

கேள்வி: ஆறு வயது மலைவேம்புத் தோப்பில் பாதியை வெட்டிக் கலைத்துவிட்டு, மீதியை அறுப்பு மரத்துக்கு விட எண்ணம். பருமனை மட்டும் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. ஒரே சுற்றளவுள்ள இரண்டு மரங்களில் ஒன்று விறைப்பாக இருக்கும், இன்னொன்று வளைந்து கொடுக்கும். அதைக் காட்டுவது ஒலிவேகம், அதாவது மரத்துக்குள் ஒலி பாயும் வேகம்.

ஒலி அலைக் கருவிக்கு இரண்டு முள்முனைகள் உண்டு. மார்பு உயரத்தை நடுவாக வைத்து, மேலும் கீழுமாக ஒரே நேர்க்கோட்டில், 1 மீட்டர் இடைவெளியில் சாய்வாக அடித்து இறக்குங்கள். முனை பட்டையைத் தாண்டி மரத்தில் இறுக வேண்டும். பட்டையில் நின்றுவிட்டாலோ ஆடினாலோ அளவு தாறுமாறாக வரும். ஒரு முனையைச் சுத்தியலால் தட்டினால், அலை மறுமுனையை அடைந்த நேரத்தைக் கருவி காட்டும். முதல் ஓரிரு தட்டுகளை விட்டுவிட்டு, அடுத்த ஐந்தின் சராசரியை எடுங்கள். எதிர்ப்பக்கத்திலும் இதையே செய்யுங்கள்.

நேரம் 250 மைக்ரோ விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 4,000 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தைப் பச்சை மரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு எண் வரும்: கன மீட்டருக்கு 1,000 கிலோ என்றால் 16 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). வர்க்கம் என்பதால் இடைவெளியை 2 செ.மீ. தப்பாக அளந்தாலே விடையில் 4 சதவீதம் பிசகும். டேப்பை அவசரமாகப் பிடிக்காதீர்கள்!

முனைகளுக்கு நடுவே கணு இருந்தால் இடம் மாற்றுங்கள். சாய்ந்த மரத்தின் மேல்பக்கத்தில் ஒலி வேகமாகப் பாய்ந்து ஏமாற்றும். பக்கவாட்டில் அளக்க வேண்டும். இந்த எண் வெளிமரத்தை மட்டுமே சொல்லும், உள்ளே பொந்து இருந்தால் தெரியாது. அதற்குத் தண்டின் குறுக்கே தனியாக அளக்க வேண்டும். எத்தனை கிலோவுக்கு முறியும் என்றும் இதில் நேரடியாக வராது.

ஒரே தோப்பு, ஒரே வயது என்றால் அடர்த்தியைத் தேடி அலைய வேண்டாம். வேகத்தை வைத்தே வரிசைப்படுத்தி, கீழே வருபவற்றைக் கலைக்கலாம்.

கேள்வி: அடர்த்தியையும் அளக்க வேண்டுமென்றால்? துளையிட்டால் மரம் கெடுமா?

பதில்: உள்ளீடற்ற துளைக்கருவியால் 5 மி.மீ. தடிமனுள்ள குச்சி எடுப்பார்கள். 10 செ.மீ. நீளக் குச்சியின் கன அளவு 1.96 கன செ.மீ. காய்வதற்குள் நகை எடை பார்க்கும் தராசில் நிறுத்து, எடையைக் கன அளவால் வகுத்தால் போதும். எடை 1.8 கிராம் என்றால் கன மீட்டருக்குச் சுமார் 920 கிலோ. முள்முனைத் தழும்பு சிறியது. ஆனால் இந்தத் துளை வழியே பூஞ்சை புகுந்து மரம் நிறம் மாறலாம். எனவே கலைக்கப்போகும் மரங்களிலேயே குச்சி எடுங்கள்.