ரிச்மண்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: அமெரிக்க உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது?

தம்பி, நீங்கள் ரிச்மண்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பையன் நான்காம் வகுப்பு, பள்ளியில் வர்ஜீனியா வரலாறு நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், உங்களுக்கு எவ்வளவோ உதவிகள் செய்கிறவர், "உள்நாட்டுப் போர் அடிமைகளுக்காக நடந்ததே இல்லை, மாநில உரிமைக்காக நடந்தது" என்று பையனிடம் சொல்லியிருக்கிறார். அதையே நீங்கள் அலுவலகத்தில் சொன்னபோது உடன் வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி முகம் மாறி எழுந்து போய்விட்டார். எது உண்மை, நாம் வெளியூர்க்காரர்கள், இதில் வாயைத் திறக்காமல் இருப்பதுதானே நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிமைமுறைக்காகத்தான் நடந்தது. இதில் பாதி அவர் பக்கம், பாதி இவர் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் செய்த அதே தவறை நானும் செய்திருக்கிறேன். 1999-இல் இங்கே வந்தேன். யாரோ ஒருவர் "மாநில உரிமை" என்று சொன்னதும் எனக்கு அது உடனே பிடித்துப்போனது. ஏன் பிடித்தது என்று பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது. நாம் தமிழ்நாட்டில் மாநில சுயாட்சி என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், மத்தியில் இருப்பவர்கள் நம் மொழியில் கை வைக்கக்கூடாது, நம் வரியை நாம் முடிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் நமக்கு நியாயமான கோரிக்கைகள். அந்தக் காதோடு இங்கே வந்து "மாநில உரிமை" என்று கேட்டால், பாவம், தெற்கு மாநிலங்களும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது என்று மனம் தானாகச் சாய்ந்துவிடும். சொல் ஒன்றுதான், ஆனால் இங்கே அதற்குள் இருக்கும் சரக்கு வேறு.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் என்னுடன் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் ஃபார்ம்வில் ஊர்க்காரர், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கோபப்படவில்லை. "எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது இதே வார்த்தையைச் சொல்லித்தான் என் பள்ளிக்கூடத்தை மூடினார்கள்" என்றார். கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதற்கு, வர்ஜீனியா மாநிலத் தலைவர்கள் எங்கள் மாநிலத்தில் நீங்கள் தலையிட முடியாது என்று எதிர்த்து நின்றார்கள். அந்தக் கவுண்டி ஒரு படி மேலே போய், 1959 முதல் 1964 வரை ஐந்து வருடம் தன் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடானது, கறுப்பினக் குழந்தைகள் பலர் வீட்டில் இருந்தார்கள். எட்டு வயதுப் பெண் பதின்மூன்று வயதில் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது எப்படி இருந்தது என்று அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவர் சொல்ல வேண்டியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு மாலையே நூலகத்துக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

சரி, போருக்கு வருவோம். 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள், எந்த மாநிலத்தையும்விட அதிகமாக வர்ஜீனியாவில், 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக. அந்த நவம்பரில் லிங்கன் தேர்தலில் வெல்கிறார். இருக்கிற மாநிலங்களில் அடிமைமுறையை ஒழிப்பேன் என்றுகூட அவர் சொல்லவில்லை, மேற்கே புதிதாகச் சேரும் பகுதிகளுக்கு அது பரவக்கூடாது என்றுதான் சொன்னார். அதற்கே டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்து போனது. ஏன் போகிறோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் தம்பி, நாம் யூகிக்க வேண்டியதே இல்லை. தப்பியோடிய அடிமைகளை வடக்கு மாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தருவதில்லை என்பது தென் கரோலினாவின் முக்கியமான புகார். நியூயார்க் வழியாக அடிமையை அழைத்துச் செல்லக்கூட அங்குள்ள நீதிமன்றங்கள் விடுவதில்லை என்றும் அந்தப் பிரகடனத்தில் குறைப்படுகிறார்கள். அதாவது நியூயார்க் தன் எல்லைக்குள் தன் சட்டத்தை வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்குக் குற்றமாகப் பட்டது! 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பதற்கான சட்டத்தை மத்திய அரசின் கையால் வடக்கு மாநிலங்கள் மேல் சுமத்தியபோது அவர்களுக்கு மாநில உரிமை நினைவுக்கு வரவில்லை.

மிசிசிப்பியின் பிரகடனம் இன்னும் நேரடியானது. எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது, உலகிலேயே மிகப் பெரிய பொருள் நலன் அதுதான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்து போனவர்கள் அமைத்த கான்ஃபெடரசி அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். அவர்களுடைய அரசியல் சட்டமோ அடிமை மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அவர்களின் காங்கிரஸ் இயற்றக்கூடாது என்று தடுத்தது.

அந்தப் பொருள் நலன் என்பது முக்கியமாகப் பருத்தி. நீங்கள் கோவில்பட்டிப் பக்கம் என்று எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன்: வடக்குக் கடற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சு இல்லாமல் தவித்து இந்தியா பக்கம் திரும்பின. பம்பாய் வியாபாரிகள் கொழித்தார்கள், 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் கவிழ்ந்தார்கள். நம் கரிசல் மண்ணின் திருநெல்வேலிப் பருத்தியும் தூத்துக்குடி வழியாக அதே சந்தைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பையனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், ஏதோ தூரத்துக் கதை என்ற எண்ணம் போய்விடும்.

பெரியவர் இரண்டு விஷயங்கள் சொல்வார், அவற்றுக்குத் தயாராக இருங்கள். வடக்கு அடிமைகளை விடுவிக்கப் போருக்குப் போகவில்லையே என்பார். உண்மைதான், ஆரம்பத்தில் லிங்கன் நாட்டைச் சேர்த்து வைக்கத்தான் போரிட்டார், கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கும் அடிமைமுறையை வைத்துக்கொண்டே அவர் பக்கம் இருந்தன. ஆனால் வடக்கு ஏன் சண்டை போட்டது என்பது ஒரு கேள்வி, தெற்கு ஏன் பிரிந்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கலந்துவிடக்கூடாது. தெற்குச் சிப்பாய்களில் பெரும்பாலோரிடம் அடிமைகள் இல்லையே என்பார். பிரிந்து போன 11 மாநிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களிடம் அடிமைகள் இருந்தார்கள். அது சின்ன எண்ணிக்கை இல்லை. அடிமை இல்லாதவனும் அந்த முறையில் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதியோடு வாழ்ந்தான். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

போரின் நோக்கம் நடுவழியில் மாறியதற்குக் காரணம் லிங்கன் மட்டும் அல்ல. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஹாம்ப்டனில் மன்ரோ கோட்டை இருக்கிறது. 1861 மே மாதம் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் படகேறி அந்தக் கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். எசமானின் ஆள் வந்து திருப்பிக் கேட்டபோது தளபதி பெஞ்சமின் பட்லர், இவர்கள் போரில் கைப்பற்றிய பொருள், தரமுடியாது என்றார். மனிதனைப் பொருள் என்று சொன்னதுதான், ஆனால் செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் அந்தக் கோட்டையைத் தேடி வந்துவிட்டார்கள். 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம் வந்தபின் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். இந்த ரிச்மண்டுக்கு வெளியே நியூ மார்க்கெட் ஹைட்ஸ் என்ற இடத்தில் 1864 செப்டம்பர் 29 அன்று நடந்த சண்டைக்காக மட்டும் 14 கறுப்பினச் சிப்பாய்களுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. விடுதலையை யாரோ தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்று பையன் எழுதினால் இந்த மேட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டுப் பெரியவர் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். எழுபத்தைந்து வயது என்கிறீர்கள், அப்படியானால் அவர் நான்காம் வகுப்புப் படித்தது 1960-ஐ ஒட்டி. 1957-இல் வர்ஜீனியா அரசே ஆள் வைத்து எழுதி வெளியிட்ட வரலாற்றுப் பாடநூல்கள் அப்போது பள்ளிகளில் இருந்தன, அடிமைகள் எசமான்களோடு மகிழ்ச்சியாக வாழ்ந்ததாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகங்கள் அவை. 1970-கள் வரை புழக்கத்தில் இருந்தன. பத்து வயதில் ஆசிரியர் சொன்னதை மனிதர் நம்பினார். மான்யூமென்ட் அவென்யூவில் அவர் தினமும் பார்த்து வளர்ந்த, தெற்குப் படைத் தளபதி ஜெனரல் லீயின் சிலையும் போர் முடிந்து 25 வருடம் கழித்து, 1890-இல் வைத்தது. கறுப்பினத்தவர் பெற்ற உரிமைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. 2021 செப்டம்பர் 8 அன்று அதை இறக்கியபோது நானும் என் மகளும் கூட்டத்தில் நின்றோம், கிரேன் தூக்கியதும் பக்கத்தில் இருந்த வயதான பெண் ஒருவர் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார், யார் என்றே எங்களுக்குத் தெரியாது.

வெளியூர்க்காரர்கள், நமக்கெதற்கு என்றீர்களே, அதில்தான் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. போருக்கு நான்கு வருடம் முன்பு, 1857-இல், டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் இந்நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய கணக்குப்படி 6,20,000, புதிய மதிப்பீட்டின்படி 7,50,000 பேர் செத்தபிறகுதான், இங்கே பிறந்தவர் இந்நாட்டுக் குடிமக்கள் என்ற அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தம் 1868-இல் வந்தது. அந்த வாசகம் சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க்குக்கும் பொருந்தும் என்று 1898-இல் தீர்ப்பானது. அதைப் பற்றி இன்றும் வழக்காடுகிறார்கள், உங்கள் வீட்டில் அடுத்த மாதம் வரப்போகிற குழந்தைக்கு அது என்னவென்று உங்களுக்கே தெரியும். நம்மைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டமும் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது வந்ததுதான்.

பெரியவரிடம் சண்டை வேண்டாம். மிசிசிப்பியும் தென் கரோலினாவும் எழுதியதை அச்செடுத்து, இதைப் படித்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள், போதும். அலுவலகப் பெண்மணியிடம் "தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்று நாளைக்கே சொல்லுங்கள். விளக்கம் கேட்டு அவரை உட்கார வைக்காதீர்கள், கற்றுக்கொடுப்பது அவர் வேலை இல்லை.

பையனை முதலில் ஷாக்கோ பாட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். நியூ ஆர்லியன்சுக்கு அடுத்தபடி பெரிய அடிமைச் சந்தை இருந்த இடம், லம்ப்கின் சிறை என்ற அடைப்புக்கொட்டடி அங்கேதான் இருந்தது. போருக்குப்பின் அதே கட்டடத்தில் விடுதலை பெற்றவர்களுக்குப் பள்ளி நடந்தது, அதிலிருந்துதான் வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகம் வளர்ந்தது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கால்வாய்க் கரையில் ஹென்றி பிரவுனின் பெட்டி இருக்கிறது, 1849-இல் தன்னைத்தானே மரப்பெட்டியில் அடைத்துக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் பார்சலாகப் போய் விடுதலையானவர். அந்தப் பெட்டியின் அளவில் செய்த நினைவுச்சின்னம் அது.

இன்னொரு சனிக்கிழமை, லீ சரணடைந்த அப்போமாட்டக்ஸுக்குப் போவீர்கள், எல்லோரும் போவார்கள். வழியில் ஃபார்ம்வில்லில் வண்டியை நிறுத்துங்கள். 1951-இல் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி இருந்த மோசமான நிலையை எதிர்த்துப் பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்த மோட்டன் பள்ளி இப்போது அருங்காட்சியகம். என்றைக்குப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், என் பழைய தோழி ஓய்வு பெற்று அந்த ஊரில்தான் இருக்கிறார், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.