வாசகர் கேள்வி: கடலூரில் மவுண்டன் பைக் ஓட்டலாமா?

கேள்வி: புதிதாக மவுண்டன் பைக் (கரடுமுரடான வழிகளுக்கான மிதிவண்டி) வாங்கியிருக்கிறேன். கடலூரைச் சுற்றி அதற்கேற்ற மேடுபள்ளமான வழி ஏதேனும் உண்டா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: உயர்ந்த மலைகள் நம் ஊரில் இல்லையென்றாலும், கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே நீளும் கேப்பர் மலையின் செம்மண் மேட்டுநிலம் தொடக்கக்காரருக்குப் போதுமானது. மஞ்சக்குப்பத்திலிருந்து திருவந்திபுரம் வரை சாலையில் சென்று உடலைச் சூடேற்றிக்கொண்டு, பிறகு மேட்டுக்குச் செல்லும் மண்வழிகளுக்குத் திரும்பலாம். முந்திரித் தோப்புகள் பெரும்பாலும் தனியாருடையவை என்பதால், குறிப்பாகக் கொட்டை பொறுக்கும் கோடை மாதங்களில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நுழைவதே முறை.

இங்குள்ள உண்மையான சோதனை ஏற்றமன்று, சரளைதான். செம்மண்ணின் மேல் உதிர்ந்து கிடக்கும் உருண்டைக் கற்களில் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடல் எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடிக்க வேண்டும். அகன்ற டயரானால் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில் இருப்பது நல்ல பிடிமானம் தரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் மண் அரித்து ஓடைகள் புதிதாக வெட்டப்படுவதால், தெரிந்த வழியையும் முதலில் நடந்து பார்த்துவிடுங்கள்.

பாறைக் குன்றுகளைக் காண விரும்பினால், புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவிலுள்ள செஞ்சிப் பகுதிக்குச் செல்லலாம். ஆனால் கோட்டைக்குள் நடந்துதான் ஏற வேண்டும்.