டீயும் தேத்தண்ணியும்

சார் வணக்கம். போன மாசம் நீங்க போட்ட கதையில ஊர்ல கொலை கேஸ்ல தேடற ஒருத்தன் கள்ள பாஸ்போர்ட்ல பாரிஸ் போயி வேற பேர்ல அகதி கேஸ் போட்டு பத்து வருஷமா ஓட்டல்ல பாத்திரம் கழுவறான். பொய் பேர்ல இருக்கறவன் எப்டி சார் அகதி ஆவான்? அவன் மேல நாங்க எதுக்கு இரக்கப்படணும்?
ஒரு வாசகர், குடியாத்தம்

தம்பி, பேரு வேற கேஸு வேற, நீங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு கலக்கிட்டீங்க. உயிருக்கு பயந்து ஓடறவன் எந்த ஆபீஸ்ல போயி பாஸ்போர்ட் கேப்பான், அவன தேடறதே அந்த அரசாங்கந்தானே. அதுக்குத்தான் 1951 அகதிகள் ஒப்பந்தத்துல 31வது பிரிவு, ஆபத்துலேர்ந்து நேரா வந்தவன் லேட் பண்ணாம அதிகாரிங்க கிட்ட போயி காரணத்த சொல்லிட்டா திருட்டுத்தனமா உள்ள வந்ததுக்கு தண்டிக்க கூடாதுன்றாங்க. (நம்ம நாடு அதுல கையெழுத்தே போடல, அது தனிக் கதை.) ஆனா அதே ஒப்பந்தத்துல 1எஃப்னு ஒண்ணு கீது. போர்க்குற்றமோ அரசியலுக்கு சம்பந்தமில்லாத பெரிய குற்றமோ செஞ்சிட்டுதான் வந்தான்னு நம்ப பலமான காரணம் இருந்தா அவன் அகதியே கிடையாது.

நம்ம ஆளு மாட்டிகினது இங்கதான். தேடறாங்கன்றதுக்காகவே ஒருத்தன் கொலைகாரன் ஆயிட மாட்டான், பொய் கேஸாவும் இருக்கலாம், ஆனா அது பொய் கேஸுன்னு வாதாடணும்னா நிஜப் பேர சொல்லணும், நிஜப் பேர சொன்னா பத்து வருஷமா சொன்னதெல்லாம் பொய்னு ஆயி கைல இருக்கற அகதி அட்டையே போயிடும்.

இந்தக் கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1995ல நம்ம வேலூர் கோட்டைலேர்ந்து 43 விடுதலைப் புலிங்க சுரங்கம் தோண்டி தப்பிச்சாங்க இல்ல, அப்போ எங்க தெருவுல தூத்துக்குடிக்காரர்னு சொல்லிகினு ஒரு அண்ணன் வாடகைக்கு இருந்தாரு. ரொம்ப நிதானமா பேசுவாரு, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெக்கற மாதிரி. அன்னிக்கு டீக்கடைல எல்லாரும் பேப்பர சுத்தி நின்னுகினு சத்தமா பேசிகினு இருக்காங்க, இவர் வந்து "ஒரு தேத்தண்ணி"ன்னாரு. சிலோன்காரங்க டீய அப்டித்தான் சொல்வாங்க, சொன்ன உடனே அவருக்கே தெரிஞ்சிடுச்சு. கடைக்காரர் தலைய தூக்காம ஆத்தி குடுத்தாரு, கிளாஸ் அவர் கைல ஆடி டீ விரல்ல ஊத்திச்சு, தொடைக்க கூட இல்ல.

மறுநாள் ரூம் பூட்டி இருந்துச்சு, சாவி டீக்கடை கல்லா மேல. அவர் என்ன செஞ்சாரு, ஏதாவது செஞ்சாரான்னே எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

கதையில அந்த தேத்தண்ணிய நான் வெக்கல, பாரிஸ்ல அத எங்க வெக்கறதுன்னு புரியாம விட்டுட்டேன். உங்களுக்கு அந்த ஆளு ஒட்டாம போனது அதனாலயோ என்னவோ.