இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் நிலையான பிரீமியர் லீகுக்குப் புதிதாக ஏறி வரும் கிளப்புகளுக்குக் கொட்டும் பணம் எங்கே போகிறது?

"ஒரே ஆட்டத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஜெயிக்கிறார்கள், அப்புறம் ஏன் இரண்டு மூன்று வருடத்தில் கடனில் நிற்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தணிக்கை வேலையில் இருப்பவன். இங்கிலாந்துக் கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளை அந்நாட்டுக் கம்பெனிப் பதிவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஆட்டம் பார்க்கும் அளவுக்கு அவற்றையும் ஆர்வமாகப் படிப்பேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அந்த ஒரே ஆட்டம், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான 'பிளே-ஆஃப்' இறுதி ஆட்டம். முதல் விஷயம், அந்த ஆயிரம் கோடி யாருக்கும் ஒரே நாளில் வந்து விழுவதில்லை. இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் ஒரு சாதாரண கிளப்புக்கு டிவி உரிமைப் பங்காகக் கிடைப்பது வருடத்துக்குச் சுமார் 10 மில்லியன் பவுண்டு. பிரீமியர் லீகில் கடைசி இடத்தில் முடிக்கும் கிளப்புக்கே இப்போது 100 மில்லியனுக்கு மேல் கிடைக்கிறது. அதுவும் சீசன் முழுக்கத் தவணை தவணையாக வரும். ஒரே வருடத்தில் கீழே இறங்கிவிட்டாலும் 'பாரசூட்' பணம் என்று அடுத்த இரண்டு வருடங்களுக்கு ஒரு பங்கு உண்டு. முதல் வருடம் மேல் லீக் கிளப்புகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படும் டிவி தொகையில் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45 சதவீதம். பத்திரிகைகளில் வரும் பெரிய எண், இந்த மூன்று வருட வரவையும் சேர்த்துப் போட்ட கூட்டுத்தொகை.

இரண்டாவது விஷயம்தான் பலருக்குத் தெரியாதது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி வருவதற்கு முன்பே செலவாகியிருக்கும். சாம்பியன்ஷிப்பில் பல கிளப்புகள் வரவை மிஞ்சிச் சம்பளம் கொடுத்துத்தான் மேலே வருகின்றன. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தில் 'மேலே ஏறினால் இவ்வளவு போனஸ்' என்று இருக்கும். ஏற்கனவே வாங்கிய ஆட்டக்காரர்களுக்காகப் பழைய கிளப்புக்கு 'நீங்கள் மேலே ஏறினால் இன்னும் இவ்வளவு' என்றும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆஸ்டன் வில்லா 2018-19இல் பிளே-ஆஃப் வழியாக மேலே வந்தது, அந்த வருடக் கணக்கில் கிட்டத்தட்ட 69 மில்லியன் பவுண்டு நஷ்டம். கோப்பையைத் தூக்கிக் கொண்டாடிய அதே வருடம்! வரப்போகும் டிவி தவணையை அடகு வைத்து முன்பே கடன் வாங்குகிற கிளப்புகளும் உண்டு, அறுவடைக்கு முன்பே நெல்லுக்கு முன்பணம் வாங்கிவிட்ட விவசாயி நிலைமைதான்.

சரி, மிச்சம் வரும் பணம் எங்கே போகிறது?

ஸ்டேடியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. லூட்டன் டவுன் 2023 மே மாதம் வெம்ப்ளியில் கவென்ட்ரியைப் பெனால்டியில் வென்று மேலே வந்தது. 2009 முதல் 2014 வரை நான்கு நிலை லீக் அமைப்புக்கே வெளியே ஐந்தாம் நிலையில் கிடந்த கிளப் அது. அவர்களுடைய கெனில்வொர்த் ரோடு மைதானம் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது. எதிரணி ரசிகர்கள் உள்ளே போகும் வாசல், வரிசை வீடுகளின் கீழ்த்தளத்தைக் குடைந்து போகும். உள்ளே போய் இரும்புப் படி ஏறும்போது கீழே பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டு, கொடியில் துணி காய்ந்தாலும் தெரியும். அந்த இடத்தில் பிரீமியர் லீக் விதிப்படி கேமரா மேடைகள், பத்திரிகையாளர் இருக்கைகள், விளக்குகள், டிவி ஸ்டூடியோ எல்லாம் வேண்டும். பாபர்ஸ் ஸ்டாண்ட் என்ற ஒரு பக்கத்தையே இடித்துக் கட்டினார்கள், செலவு சுமார் 10 மில்லியன் பவுண்டு. அதுவும் நேரத்துக்கு முடியாமல் சொந்த மைதானத்தில் பர்ன்லியுடன் ஆட வேண்டிய முதல் ஆட்டம் தள்ளிப்போனது. செப்டம்பர் 1 அன்று வெஸ்ட் ஹாமுடன்தான் அங்கே முதல் ஆட்டம் நடந்தது. கிளப்பின் கனவு பவர் கோர்ட் என்ற இடத்தில் புது ஸ்டேடியம், எனவே விட்டுப் போகப்போகும் பழைய மைதானத்தில் போட்ட பணம் அது. போடாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் விதி அப்படி.

அடுத்து ஆட்டக்காரர்கள். பெரும்பங்கு இங்கேதான் போகிறது, சண்டையும் இங்கேதான். 2018இல் ஃபுல்ஹாம் மேலே வந்து 100 மில்லியனுக்கு மேல் செலவழித்தது, ஏறி வந்த கிளப் ஒன்று அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல்முறை. ஒரே சீசனில் மூன்று மேனேஜர்களைப் பார்த்துவிட்டு 26 புள்ளிகளோடு கீழே போனார்கள். அடுத்த வருடம் வில்லா அதைவிட அதிகமாகக் கொட்டி, ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தது. 2020 ஜூனில் ஷெஃபீல்ட் யுனைடெட் அடித்த ஃப்ரீ கிக்கைப் பிடித்த வில்லா கோல்கீப்பர், பந்தோடு கோல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். பந்து கோட்டைத் தாண்டியதைச் சொல்லும் கோல்-லைன் கருவி வேலை செய்யவில்லை, நடுவரின் கைக்கடிகாரத்தில் சமிக்ஞை வரவில்லை, கோல் கொடுக்கப்படவில்லை, ஆட்டம் டிராவாகி வில்லாவுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் வில்லாவையும் இன்று ஃபுல்ஹாம் வரிசையில் வைத்துத் திட்டிக்கொண்டிருப்போம். அந்தக் கோடையில் வாங்கிய மிங்ஸும் கோன்சாவும் பின்னாளில் ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆடிய வில்லா அணியிலும் இருந்தார்கள். அதனால் நிறையச் செலவழித்தாலே முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 2022இல் ஒரே கோடையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் காரணம் இருந்தது. அவர்களை மேலே கொண்டுவந்த அணியில் ஸ்பென்ஸ், கார்னர், ஸிங்கர்நாகல், கீனன் டேவிஸ் எனப் பலர் வேறு கிளப்புகளிடமிருந்து கடனாக வந்தவர்கள். சீசன் முடிந்ததும் அவரவர் கிளப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அணி என்று சொல்லவே ஆளில்லை, வாங்காமல் என்ன செய்வது? 38 புள்ளிகள் எடுத்துத் தப்பித்தார்கள். ஆனால் செலவுக் கட்டுப்பாட்டு விதி அப்புறம் பிடித்தது. அப்போதைய விதிப்படி, மூன்று வருடங்களில் மேல் லீகில் இருந்த வருடத்துக்கு 35 மில்லியன், கீழே இருந்த வருடத்துக்கு 13 மில்லியன் வரைதான் நஷ்டம் காட்ட முடிந்தது. ஃபாரஸ்ட் அந்த மூன்றில் இரண்டு வருடம் கீழே இருந்ததால் வரம்பு 61 மில்லியன். அதை 34.5 மில்லியன் தாண்டினார்கள், 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் பறிபோயின. எனக்கு இந்த விதியில் மனத்தாங்கல் உண்டு. பல வருடங்களாக மேலேயே இருந்த கிளப்புக்கு 105 மில்லியன் வரை இடம், அதோடு போட்டி போட ஆட்களே இல்லாமல் வந்தவனுக்கு 61. ஏறி வருபவர்களைத்தான் இது முதலில் கடித்தது.

ஓர் ஆட்டக்காரரை வாங்க அவருடைய பழைய கிளப்புக்குக் கொடுக்கும் டிரான்ஸ்பர் தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் கிளப்பை மூழ்கடிப்பது சம்பளம். டிரான்ஸ்பர் தொகையைத் தவணையில் கட்டலாம், ஆளை விற்றால் கொஞ்சமாவது திரும்ப வரும். நான்கு வருட ஒப்பந்தச் சம்பளமோ லீக் மாறினாலும் மாதாமாதம் வந்து நிற்கும். அதனால்தான் விவரமான கிளப்புகள் 'கீழே இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும்' என்று எழுதி வாங்குகின்றன. பிராட்ஃபோர்ட் சிட்டி இதற்குப் பாடமான கதை. 2000 மே மாதம் கடைசி நாளில் லிவர்பூலை 1-0 என்று வென்று தப்பித்தது. அந்த உற்சாகத்திலேயே கோடையில் வாரம் 40,000 பவுண்டு சம்பளத்தில் பெனிட்டோ கார்போனே, கூடவே பெட்ரெஸ்கு, ஹாப்கின் என்று வரிசையாக எடுத்தார்கள். தலைவர் ஜெஃப்ரி ரிச்மண்டே பிற்பாடு அதை ஆறு வாரப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னார். 2001இல் கடைசி இடம். 2002இல் பெரும் கடனோடு திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. 2007இல் நான்காம் நிலை.

இதற்கு நேரெதிர், செலவே செய்யாமல் இருப்பது. அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

நார்விச் 2019இல் மேலே வந்தபோது ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே செலவழிக்கவில்லை, 21 புள்ளிகளோடு கடைசியாக முடித்தது, ரசிகர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வருடம் மேல் லீகில் ஆடிய காட்ஃப்ரேயும் ஜமால் லூயிஸும் அடுத்த கோடையிலேயே நல்ல விலைக்குப் போனார்கள், அதற்கடுத்த வருடம் புவென்டியா இன்னும் பெரிய விலைக்கு. இடையில் 2020-21இல் 97 புள்ளிகளோடு சாம்பியன்ஷிப்பையும் வென்றார்கள். பணம் கிளப்புக்குள்ளேயே சுற்றியது.

பிளாக்பூல் கதை வேறு, எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற கதை அது. 2010இல் கார்டிஃபை 3-2 என்று வென்று மேலே வந்தார்கள். இயன் ஹாலோவே மேனேஜர், சார்லி ஆடம் நடுக்களத்தில். ஒதுக்கிய சிறு தொகையை வைத்துக்கொண்டு லிவர்பூலை இரண்டு முறையும் தோற்கடித்தார்கள், 55 கோல் அடித்தார்கள், கடைசி நாளில் ஓல்ட் டிராஃபோர்டில் 4-2 என்று தோற்று 39 புள்ளிகளோடு இறங்கினார்கள். அந்த மேல் லீக் பணத்தை வைத்து ஒரு நல்ல பயிற்சி மைதானமாவது கட்டியிருக்கலாம். கட்டவில்லை. உரிமையாளர் ஓவன் ஆய்ஸ்டனின் நிறுவனத்துக்கு 11 மில்லியன் பவுண்டு போனது கணக்கில் வெளிவந்தது. 2014 கோடையில் பயிற்சி தொடங்கும்போது கிளப்பின் கையில் இருந்த மூத்த ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். 2015இல் மூன்றாம் நிலை, 2016இல் நான்காம் நிலை. விமர்சித்த ரசிகர்கள்மீது அவதூறு வழக்குகள் வேறு. கடைசியில் பங்குதாரர் வலேரி பெலோகோன் போட்ட வழக்கில் 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆய்ஸ்டன் குடும்பம் முறையின்றிக் கிளப்பின் பணத்தை உருவியிருக்கிறது என்றார் நீதிபதி, 31 மில்லியனுக்கு மேல் கொடுத்து பெலோகோன் பங்கை வாங்கச் சொன்னார். ரசிகர்கள் வருடக்கணக்கில் மைதானத்துக்கே போகாமல் புறக்கணித்தார்கள். அணி வெம்ப்ளியில் ஆடிய பிளே-ஆஃப் இறுதிக்குக்கூட நிறையப் பேர் போகவில்லை. உயிரான கிளப் வெம்ப்ளியில் ஆடும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வலி! நீதிமன்றம் நியமித்த அதிகாரி பொறுப்பேற்ற பிறகு, 2019 மார்ச்சில் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு 15,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் பர்ன்லி. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். 2014இல் மேலே வந்தபோது அளவாகச் செலவழித்தார்கள், 33 புள்ளிகளோடு இறங்கினார்கள், ஆனால் மேனேஜர் ஷான் டைச்சை விரட்டவில்லை. மேல் லீக் வரவும் பாரசூட் பணமும் இருந்ததால் அந்தக் கிளப் அதுவரை கொடுத்திராத தொகைக்கு ஆண்ட்ரே கிரேயை வாங்க முடிந்தது, அவர் கோல் அடித்துத் தள்ளினார், 2016இல் சாம்பியனாகத் திரும்பினார்கள். 2017இல் சுமார் 10 மில்லியனில் புதுப் பயிற்சி மையம் திறந்தார்கள். 2018இல் ஏழாம் இடம், ஐரோப்பியப் போட்டிக்கான தகுதிச் சுற்று. 2022 வரை தொடர்ந்து ஆறு வருடம் மேலே இருந்தார்கள். முதல் முறை வந்த பணத்தை இரண்டாம் முறைக்காகச் செலவழித்தார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

ஆனால் அதே வழி இன்றைக்கும் பலிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 2023-24இல் ஏறி வந்த மூவருமே இறங்கினார்கள், 2024-25இலும் மூவருமே இறங்கினார்கள். இப்ஸ்விச் 100 மில்லியனுக்கு மேல் செலவழித்தும் நிற்கவில்லை. நிதானமாக நடந்துகொண்ட லூட்டனும் 26 புள்ளிகளோடு இறங்கி, அடுத்த வருடமே மூன்றாம் நிலைக்கும் சரிந்தது. ஆனாலும் பிராட்ஃபோர்ட் போலத் திவாலாகிக் கிடக்கவில்லை. 25,000 இருக்கைகளோடு பவர் கோர்ட் ஸ்டேடியத்துக்கு 2024 டிசம்பரில் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். மேலே இருந்த ஒரு வருடத்தில் அவர்கள் செய்ததில் பெரிய தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீங்களே ஒரு கிளப்பின் நிலையைப் பார்க்க வேண்டுமென்றால், அது மேலே வந்த வருடக் கணக்கைத் திறந்து மூன்று இடங்களைப் படியுங்கள். ஒன்று, வரவில் சம்பளம் எத்தனை சதவீதம். இரண்டு, டிரான்ஸ்பருக்காக மற்றக் கிளப்புகளுக்கு இன்னும் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு. மூன்று, உரிமையாளர் தொடர்புடைய நிறுவனங்களுடனான பணப் பரிவர்த்தனை. கடைசிக் குறிப்பு பெரும்பாலும் பின்பக்கங்களில் சின்னதாக இருக்கும், பிளாக்பூல் ரசிகர்களுக்கு அந்த 11 மில்லியன் தெரிய வந்ததும் கணக்கைப் படித்ததால்தான்.